தொகுப்பு மின்சுற்று வளர்ந்த வரலாறு



பழைய வானொலிப் பெட்டி ஒன்றின் பின்புறத்து அட்டையைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்த அனுபவம் நம்மில் மூத்தோர் பலருக்கு உண்டு. ஐந்தாறு வால்வுகள் செந்நிறமாகக் கனன்றுகொண்டிருக்கும். அவற்றைச் சூழ்ந்து மின்தடைகளும், மின்தேக்கிகளும், கம்பிச்சுருள்களும் காட்டுக்கொடிகள் போலப் பின்னிக் கிடக்கும். ஒவ்வொன்றின் காலையும் ஈயம் உருக்கிப் பற்றுவைத்து மற்றொன்றோடு சேர்த்திருப்பார்கள். பெட்டி திடீரென்று ஊமையாகிவிட்டால், பழுதுபார்ப்பவர் வால்வுகளைச் சோதித்துவிட்டு அடுத்தபடியாகத் தேடுவது விட்டுப்போன பற்று ஒன்றைத்தான்.

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் ஜான் பார்டீன், வால்டர் பிராட்டேன் என்ற இருவர் டிரான்ஸிஸ்டரைக் கண்டுபிடித்தனர். அவர்களுடைய குழுவின் தலைவரான வில்லியம் ஷாக்லி அதற்கு மேலும் சிறந்த வடிவம் ஒன்றை வகுத்தார். சூடேறிக் கனலும் வால்வின் வேலையைக் கடுகளவு ஜெர்மேனியம் செய்யத் தொடங்கிற்று. ஆயினும் பற்றுவைக்கும் தொல்லை தீர்ந்தபாடில்லை, பெருகவே செய்தது. பாகங்கள் சிறுத்தமையால் எஞ்சினீயர்களின் ஆசை பெருத்தது. ஒரு கணிப்பொறியில் ஒரு லட்சம் பாகங்கள் இருக்குமாயின், இணைப்புகள் இரண்டு மூன்று லட்சம் ஆகிவிடும். பதினாயிரத்தில் ஒன்றே ஒன்றுதான் பழுது என்று வைத்துக்கொண்டாலும், இருபது முப்பது இடங்களில் பொறி தவறும். எண்ணிக்கையின் கொடுங்கோன்மை என்று அக்காலத்து எஞ்சினீயர்கள் இதனைக் குறிப்பிட்டார்கள்.

இக்கொடுங்கோன்மைக்கு முடிவு தேடியவர்களுள் ஒருவர் ஜாக் கில்பி. 1958 மே மாதத்தில் அவர் டல்லஸ் நகரத்து டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனியில் சேர்ந்தார். அங்கே ஜூலை மாதத்தில் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரே சமயத்தில் விடுமுறை அளிப்பது வழக்கம். புதிதாகச் சேர்ந்த கில்பிக்கோ விடுமுறைக்கு உரிமை இல்லை. ஆளரவமற்ற ஆய்வுக்கூடத்தில் தனித்திருந்தவர், டிரான்ஸிஸ்டரை மட்டுமன்றி மின்தடையையும் மின்தேக்கியையுங்கூட அதே குறைகடத்திப் பொருளிலேயே ஏன் செய்துவிடக் கூடாது என்று எண்ணினார். ஜூலை 24 அன்று இதைத் தம் குறிப்பேட்டில் எழுதினார். செப்டம்பர் 12 அன்று, அரை அங்குலத்திலும் குறைந்த நீளமுள்ள ஜெர்மேனியத் துண்டு ஒன்றைக் கம்பெனி அதிகாரிகளின் முன் வைத்து மின்சாரத்தைச் செலுத்தினார். திரையில் ஓர் அலை நெளிந்து ஓடிற்று. உலகின் முதல் தொகுப்பு மின்சுற்று அதுதான்.

கில்பியின் துண்டில் பாகங்களை இணைத்தவை மேலே தாவிச் சென்ற மெல்லிய தங்கக் கம்பிகள். ஆயிரக்கணக்கில் உற்பத்தி செய்வதற்கு அம்முறை உதவாது. அதற்கு வழி கண்டவர்கள் கலிபோர்னியாவின் பேர்சைல்ட் கம்பெனியார். அங்கே ஜீன் ஹோர்னி என்பவர், சிலிக்கனின் மேற்பரப்பில் உண்டாகும் ஆக்ஸைடு படலத்தை நீக்காமல் அப்படியே காப்பாக விட்டுவைக்கும் சமதள முறையை 1959-இல் செய்து காட்டினார். அப்படலத்தின்மேல் அலுமினியக் கோடுகளை அச்சிட்டுவிட்டால் கம்பியே வேண்டாம் என்பதை அதே ஆண்டு ஜனவரியில் ராபர்ட் நாய்ஸ் எழுதிவைத்தார். புகைப்படம் அச்சிடுவது போல, நூற்றுக்கணக்கான சுற்றுகளை ஒரே வில்லையில் ஒருசேர அச்சிடலாம் என்றாயிற்று. கில்பிக்கு நோபல் பரிசு கிட்டியது 2000-ஆம் ஆண்டில். நாய்ஸ் 1990-லேயே காலமாகிவிட்டார்.

செய்யும் முறை இவ்வாறு கைவந்தது. ஆனால் எதைச் செய்வது, எப்படி வகுப்பது என்பது வேறு கலை. இன்று நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அந்த வகுக்கும் கலையைப் பற்றித்தான். அது முதலில் விரல்விட்டு எண்ணத்தக்க சில வல்லுநர்களின் கைத்திறனாக இருந்தது. எவரும் கற்று எழுதக்கூடிய ஒரு மொழியாக அது மாறியதும், அம்மாற்றம் ஓரிடத்தில் மட்டும் முழுமை பெறாமல் நின்றதும் சுவையான வரலாறு.

மின்சுற்றுகளில் அனலாக், டிஜிட்டல் என இரு குலங்கள் உண்டு. பாடகர் குரல் ஏறினால் மின்னழுத்தமும் அதே அளவு ஏறும், இறங்கினால் இறங்கும், இது அனலாக். ‘உண்டு’, ‘இல்லை’ என்ற இரண்டே நிலைகளைக் கொண்டு எல்லாவற்றையும் எண்ணாக்கிச் சொல்வது டிஜிட்டல். முன்னது வீணைக் கம்பியை இழுத்துக் கமகம் பிடிப்பது போன்றது. பின்னது ஹார்மோனியக் கட்டையை அழுத்துவது போன்றது. கமகத்துக்கு ஒவ்வாது என்று ஹார்மோனியத்தை நம் நாட்டு வானொலி 1940-இல் விலக்கிவைத்தது. அந்தத் தடை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. மின்னணு உலகத்தார் அவ்வளவு கண்டிப்பானவர்கள் அல்லர். அவர்களுக்கு இரண்டுமே வேண்டியிருந்தன. கில்பி காட்டிய அலை அனலாக். பேர்சைல்டில் 1960-இல் ஜே லாஸ்ட் என்பவரின் குழு செய்து முடித்த சமதளச் சுற்றோ டிஜிட்டல்.

டிஜிட்டல் சுற்றுக்குத் துல்லியம் அவ்வளவாகத் தேவையில்லை. ‘உண்டு’ என்பதை ‘இல்லை’ என்று மயங்காதிருந்தால் போதும். அனலாக் சுற்றின் நிலை வேறு. அங்கே ஒவ்வொரு மின்தடையும் சொன்ன அளவில் இருக்கவேண்டும். சிலிக்கனில் அச்சிட்ட மின்தடையோ நூற்றுக்கு இருபது முப்பது பங்கு கூடியோ குறைந்தோ அமைந்துவிடும். ஆகவே நல்ல அனலாக் சுற்றைச் சிலிக்கனில் செய்வது வீண்முயற்சி என்று கருதியவர் அன்று பலர்.

அவர்கள் எண்ணத்தைப் பொய்யாக்கியவர் பாப் விட்லர். 1963-இல் பேர்சைல்டில் சேர்ந்தபோது அவருக்கு இருபத்தைந்து இருபத்தாறு வயதுதான். அவர் கண்ட உண்மையை நம் வீட்டுச் சமையலறையை வைத்தே விளக்கலாம். தில்லிக்கோ கல்கத்தாவுக்கோ குடிவந்த நம் குடும்பத்துப் பெண்கள், ஊரிலிருந்து ஆழாக்கைக் கொண்டுவர மறந்துபோனாலும் இட்லிக்கு நனைப்பதை நிறுத்தினார்களா? கைக்குக் கிடைத்த டம்ளரால் நான்கு முறை அரிசியும் ஒரு முறை உளுந்தும் அளந்து போட்டார்கள். டம்ளர் பெரிதாயினும் சிறிதாயினும் இட்லி இட்லியாகவே வந்தது. அளவு தவறலாம், ஒரே பாத்திரத்தால் அளந்தவரை விகிதம் தவறாது. சிலிக்கனும் அப்படியே. ஒரு துண்டில் அருகருகே அச்சிட்ட இரண்டு மின்தடைகளில் ஒன்று இருபது பங்கு கூடினால் மற்றதும் ஏறத்தாழ அவ்வளவே கூடும். இரண்டு டிரான்ஸிஸ்டர்கள் இரட்டைப் பிள்ளைகள் போல ஒத்திருக்கும். சூடேறினாலும் சேர்ந்தே ஏறும். ஆதலால் அளவை நம்பாமல் விகிதத்தை மட்டுமே நம்பும் சுற்றுகளை விட்லர் வகுத்தார்.

பழைய பெட்டியில் டிரான்ஸிஸ்டர் விலை உயர்ந்தது, மின்தடை மலிவு. சிலிக்கனிலோ பெரிய மின்தடைக்கு வேண்டிய இடத்தில் பல டிரான்ஸிஸ்டர்களை வைத்துவிடலாம். இந்தத் தலைகீழ்ப் பொருளாதாரத்தையும் அவர் முதன்முதலில் முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டார். 1964-இல் 702 என்ற எண்ணுடனும், 1965-இல் 709 என்ற எண்ணுடனும் அவருடைய பெருக்கிகள் வெளிவந்தன. இரண்டு மின்னழுத்தங்களுக்கு இடையேயுள்ள மிக நுண்ணிய வேறுபாட்டைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டுவது அவற்றின் வேலை. 1968-இல் டேவ் புல்லகர் என்பவர், மாணவர் கையில் தவறாகப் பட்டாலும் கெடாத 741 என்ற பெருக்கியைச் செய்தார். நம் பொறியியல் கல்லூரிகளின் ஆய்வுக்கூடங்களில் எத்தனையோ தலைமுறை மாணவர் தொட்டுப் பழகியது அது.

விட்லரோ மதுவும் முரட்டுக் குணமும் மிக்கவர். பேர்சைல்டை விட்டு நேஷனல் செமிகண்டக்டர் கம்பெனிக்குச் சென்ற அவர், 1970-இல் அங்கே புல்வெட்டும் செலவைக் குறைத்துவிட்டார்கள் என்று கேட்டு, தம் காரில் ஓர் ஆட்டை ஏற்றிவந்து அலுவலகத்துப் புல்தரையில் மேயவிட்டார். பத்திரிகைக்காரர்கள் படம் பிடித்துப் போட்டார்கள். இத்தகைய மனிதர் ஒருவர் மனம் கோணிப் போய்விட்டால் அவருடைய வித்தையும் உடன் போய்விடுமே என்ற அச்சம் கம்பெனிகளுக்கு இருந்திராமலா இருக்கும்?

டிஜிட்டல் பக்கத்திலும் அன்று நடந்தது கைவேலையே. ஜப்பானிய பிஸிகாம் கம்பெனி தன் கணக்கிடும் கருவிக்காக இன்டெல் கம்பெனியைப் பல தனிச் சுற்றுகள் கேட்டது. எல்லாவற்றையும் நான்கு சுற்றுகளில் அடக்கி, அவற்றுள் ஒன்றைப் பொதுவான கணிப்பொறியாகவே அமைத்துவிடலாம் என்று டெட் ஹாப், ஸ்டான் மேஸர் என்பவர்கள் யோசனை கூறினர். யோசனை காகிதத்திலேயே கிடந்தது. 1970 ஏப்ரலில் இன்டெலில் சேர்ந்த இத்தாலியர் பெடரிக்கோ பாஜின், சில நாட்களுக்குள் ஜப்பானிலிருந்து வந்து நின்ற மஸதோஷி ஷிமாவுக்குக் காட்ட ஒன்றுமில்லாமல் விழித்தார். முடிந்த வேலையைச் சரிபார்க்க வந்த ஷிமாவுக்குக் கோபம் வந்ததில் வியப்பில்லை. ஆனால் அவர் திரும்பிப் போகவில்லை; உடனிருந்து உழைத்தார்.

அக்காலத்தில் சுற்றின் வரைபடத்தைப் பல நூறு மடங்கு பெரிதாக, சிவந்த மெல்லேடு ஒட்டிய ஒளிபுகும் தாளில், கத்தியால் கீறி எடுப்பார்கள். பெரிய மேசை நிறைய விரிந்து கிடக்கும் அத்தாளைப் பின்பு புகைப்படமெடுத்துச் சுருக்குவார்கள். ஒரு கீறல் பிசகினால் சுற்றே பாழ். பாஜின் ஒவ்வொரு கோட்டையும் கண்ணால் சரிபார்த்தார். 1970-ஆம் ஆண்டின் இறுதியில் முதல் வில்லைகள் வந்தன; ஒன்றிலும் உயிரில்லை. தவறு தம்முடையது என்று கலங்கியவர் நுண்பெருக்கியில் பார்த்தபோது, தொழிற்கூடத்தில் ஒரு படலத்தையே அச்சிட மறந்துவிட்டது தெரிந்தது! 1971 ஜனவரியில் மறுமுறை வந்தவை வேலை செய்தன. 2,300 டிரான்ஸிஸ்டர்கள் கொண்ட அச்சுற்றுக்கு 4004 என்று பெயர். பழைய கோயில் தூணில் சிற்பி அடையாளமிடுவது போல, அதன் ஓரத்தில் பாஜின் தம் பெயரின் முதலெழுத்துகளைப் பொறித்திருக்கிறார்.

1978-இல் இன்டெல் வெளியிட்ட 8086-இல் டிரான்ஸிஸ்டர்கள் 29,000. கார்டன் மூர் 1965-லேயே கணித்திருந்தபடி எண்ணிக்கை இரட்டித்துக்கொண்டே போயிற்று. எந்தக் கத்தியும் எந்தக் கண்ணும் இதற்கு ஈடுகொடுக்க இயலாது. ஒரு காலத்தில் இணைப்புகளில் தோன்றிய அதே எண்ணிக்கையின் கொடுங்கோன்மை, இப்போது வகுப்பவரின் மேசைமேல் வந்து அமர்ந்தது.

முதல் உதவி கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. சிலிக்கன் சுற்றைத் தனிப் பாகங்களால் பலகையில் கட்டிச் சோதிப்பதில் பயனில்லை. இரட்டைப் பிள்ளைகளின் ஒற்றுமை தனிப் பாகங்களுக்குக் கிடையாது. ஆகவே கணிப்பொறியிலேயே சுற்றின் நடத்தையைக் கணக்கிட்டுப் பார்க்கும் நிரல் ஒன்றை, பேராசிரியர் ரோரர் தம் மாணவர்களை எழுதச் செய்தார். சக பேராசிரியர் டொனால்டு பெடர்ஸன் மெச்சினால்தான் தேர்ச்சி என்பது அவர் விதித்த நிபந்தனை! அம்மாணவர்களுள் ஒருவரான லாரி நேகல் அதை வளர்த்து 1973-இல் ‘ஸ்பைஸ்’ என்ற பெயரில் வெளியிட்டார். எவர் கேட்டாலும் இலவசமாகத் தரவேண்டும் என்பதில் பெடர்ஸன் உறுதியாக இருந்தார். கற்றுச் சென்ற மாணவர் கையோடு எடுத்துச் சென்றனர். சில ஆண்டுகளில் உலகத்து ஆய்வுக்கூடங்கள் பலவற்றில் அது பரவிவிட்டது. இவ்வரலாற்றில் வரும் தாராள மனங்களுள் இதனை நான் முதலிடத்தில் வைப்பேன்.

ஆயினும் ஸ்பைஸ் சோதிக்கும், வகுத்துத் தராது. எப்படி வகுப்பது என்பதை எல்லோருக்கும் பொதுவாக்கியவர்கள் கார்வர் மீட் என்ற பேராசிரியரும் லின் கான்வே என்ற பெண்மணியும் ஆவர். கான்வேயின் வாழ்க்கை அரிதான ஒன்று. ஆணாகப் பிறந்து பெண்ணாக மாறத் துணிந்ததற்காக 1968-இல் ஐ.பி.எம். கம்பெனி அவரைப் பணியிலிருந்து நீக்கிற்று. முன்பு செய்த அரிய ஆராய்ச்சியை வெளியே சொல்லவும் வழியின்றி, புதுப் பெயரில், அடிமட்ட வேலையிலிருந்து அவர் மீண்டும் தொடங்கினார். ஐ.பி.எம். மன்னிப்புக் கேட்டது ஐம்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 2020-இல். 2024-இல் அவர் மறைந்தார்.

ஒவ்வொரு தொழிற்கூடத்துக்கும் அன்று தனித்தனியே தடித்த விதிப்புத்தகம் இருந்தது: கோட்டின் அகலம் இவ்வளவு, இடைவெளி இவ்வளவு என்று. மீடும் கான்வேயும் அவற்றையெல்லாம் சில பக்கங்களுக்குள் சுருக்கினர். எந்த நீளத்தையும் மைக்ரானில் சொல்லாமல் ‘லாம்டா’ என்ற ஒற்றை அலகின் மடங்காகச் சொன்னார்கள்; அகலம் இரண்டு லாம்டா, இடைவெளி மூன்று லாம்டா என்பது போல. தொழிற்கூடம் முன்னேறி லாம்டா சிறுத்தால், வரைபடமும் தானே சிறுத்துக்கொள்ளும். இங்கும் அந்த டம்ளர்க் கணக்கே வேலை செய்வதை நேயர்கள் கவனித்திருப்பார்கள்.

1978-இல் கான்வே மாஸாசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இவ்விதிகளைப் பாடமாக நடத்தினார். அதற்கு முன் சிலிக்கன் தொழிற்கூடத்தில் வேலை செய்திராத மாணவர்கள் ஒரே பருவத்தில் தத்தம் சுற்றுகளை வகுத்தனர். வரைபடங்கள் கணிப்பொறி வலை வழியாகக் கண்டத்தின் மறுகோடியிலுள்ள கலிபோர்னியாவுக்குச் சென்றன. அங்கே எல்லாவற்றையும் ஒரே வில்லையில் சேர்த்து அச்சிட்டார்கள். சில வாரங்களில் சுற்றுகள் மாணவர் கைக்குத் திரும்பி வந்தன. அடுத்த ஆண்டு பன்னிரண்டு பல்கலைக்கழகங்கள் சேர்ந்துகொண்டன. 1980-இல் பாடநூல் வெளிவந்தது. வகுப்பவர் ஓரிடத்திலும் அச்சிடுபவர் வேறிடத்திலும் இருக்கலாம் என்பது மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. நூல் எழுதுபவர் அச்சகம் வைத்திருக்க வேண்டியதில்லை அல்லவா?

அதன்பின் மாறுதல்கள் விரைந்தன. வெரிலாக் போன்ற விவரிப்பு மொழிகள் 1980-களின் நடுவில் தோன்றின. சுற்றை வரைவதற்குப் பதிலாக, அது என்ன செய்யவேண்டும் என்று எழுதினால் போதும். அதைக் கோடிக்கணக்கான டிரான்ஸிஸ்டர்களாக விரித்துக் கொடுக்கும் வேலையைக் கணிப்பொறியே ஏற்றது. 1987-இல் மாரிஸ் சாங் தைவானில் தொடங்கிய கம்பெனி, தனக்கென எதையும் வகுக்காமல் பிறர் வகுத்ததை அச்சிடுவதையே தொழிலாக மேற்கொண்டது.

அனலாக் சுற்றின் கதி என்னவாயிற்று? டிஜிட்டல் வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போய்விடும் என்று ஆரூடம் கூறியவர் உண்டு. மனிதன் பேச்சும், வெயிலின் சூடும், நாடித்துடிப்பும் ‘உண்டு–இல்லை’ வடிவில் வருவதில்லை. வாயிலில் நின்று வரவேற்க அனலாக் வேண்டியேயிருந்தது. டிஜிட்டலுக்காக அமைந்த சிலிக்கனில் நல்ல மின்தடைக்கு இடமில்லை என்றபோது, 1970-களின் பிற்பகுதியில் பெர்க்லியின் கிரே, பிராடர்ஸன், ஹாட்ஜஸ் குழுவினர் அழகான உபாயம் ஒன்றைக் கையாண்டனர். சிறு மின்தேக்கி ஒன்றை நொடிக்குப் பல்லாயிரம் முறை இங்குமங்கும் மாற்றி மாற்றி இணைத்தால், கிணற்றிலிருந்து வாளியால் நீர் மொண்டு ஊற்றுவது போல, மின்னேற்றம் சீராக இடம்பெயரும். அது ஒரு மின்தடையின் வேலையைச் செய்துவிடும். அத்தகைய வடிகட்டியின் துல்லியம் இரண்டு மின்தேக்கிகளின் விகிதத்தையும் கடிகாரத் துடிப்பையும் மட்டுமே சார்ந்தது. டிஜிட்டல் குரலுக்கு மாறிக்கொண்டிருந்த தொலைபேசி நிலையங்களுக்கு இது பெரிதும் உதவிற்று.

ஆனால் அனலாக் சுற்றை எழுத்தாக எழுதிக் கணிப்பொறியிடம் ஒப்படைப்பது இன்னும் முழுமையாகக் கைகூடவில்லை. இரு டிரான்ஸிஸ்டர்கள் ஒத்திருக்கவேண்டுமானால், ஒவ்வொன்றையும் இரு கூறாக்கிக் குறுக்குமறுக்காக வைக்கிறார்கள். மேடும் பள்ளமுமான நஞ்சையை அண்ணனுக்கும் தம்பிக்கும் பங்கிடும்போது, இருவருக்கும் இரண்டும் கிடைக்கும்படி பிரிக்கும் ஊர்ப் பெரியவரின் வழக்கமே அது. இதில் பழகிய கண்ணுக்கு இன்றும் மதிப்புண்டு.

இனி நம் நாட்டுக்கு வருவோம். வகுப்பதும் அச்சிடுவதும் பிரிந்துவிட்டதன் பயன் 1985-இல் பெங்களூரை அடைந்தது. கில்பி வேலை செய்த அதே டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனி, சுற்று வகுக்கும் நிலையம் ஒன்றை அங்கே திறந்தது. செயற்கைக்கோள் வழியே டல்லஸுடன் பேசுவதற்கான சாதனம் மாட்டுவண்டியில் ஏறி வந்த செய்தி இன்றும் அந்நகரில் சொல்லப்படுகிறது. பின்னர் வந்த கம்பெனிகள் பல. தமிழகத்திலிருந்து சென்று பெங்களூரில் குடியேறிய இளைஞர் எத்தனையோ பேருக்கு அன்றாடத் தொழிலே இதுவாயிற்று. ஆனால் அவர்கள் வகுத்தவை அச்சானது கடல் கடந்த ஊர்களில்.

அச்சிடும் கூடமும் நம்மிடம் இல்லாமற் போகவில்லை. சண்டிகருக்கு அருகிலுள்ள மொகாலியில், அரசாங்கத்தின் குறைகடத்திக் கூடம் 1984-இல் 5 மைக்ரான் நுட்பத்துடன் உற்பத்தியைத் தொடங்கிற்று. ஐந்து ஆண்டுகளுக்குள் 0.8 மைக்ரானை நோக்கி முன்னேறி, உலகின் முன்வரிசையை நெருங்கிவந்த வேளையில், 1989 பிப்ரவரியில் ஏற்பட்ட தீ அக்கூடத்தை அழித்தது. மீண்டும் எழுந்து நடக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் உலகம் எட்டாத தொலைவு சென்றுவிட்டது. 2006-இல் விண்வெளித் துறையின் பொறுப்புக்கு வந்த அக்கூடம், பின்னர் 180 நானோமீட்டர் நுட்பத்தில் வேலை செய்தது. முன்வரிசையில் நிற்பவர்களோடு ஒப்பிட்டால் அது பழைய நுட்பந்தான். ராக்கெட்டில் ஏறும் சுற்றுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

2018-இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் காமகோடியின் குழுவினர் ‘சக்தி’ என்ற கணிப்பொறிச் சுற்றை வகுத்தனர். கத்தியும் சிவப்புத் தாளும் இல்லை. ‘ப்ளூஸ்பெக்’ என்ற விவரிப்பு மொழியில் எழுதினார்கள். எழுதியதை எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று பெடர்ஸனைப் போலவே பொதுவில் வைத்தார்கள். அதன் ஒரு வடிவம் அமெரிக்காவில் இன்டெலின் தொழிற்கூடத்தில் 22 நானோமீட்டர் நுட்பத்தில் அச்சாயிற்று. மற்றொரு வடிவம், அதே ஆண்டின் பிற்பகுதியில், மொகாலியில் அச்சாகி வந்தது.